கற்பூரம் வேண்டாம் என்ற ஆத்தா

கட்டின புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று எங்கள் பக்கம் இன்னும் சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். அவர் பெயர் பரஞ்சோதி. குலிம் டவுனில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அவர் வாயைத் திறந்தால் அடுத்த வீட்டுப் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. மிச்சமிருக்கிற ஒரு நாள், கரங்கான் ஊரை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில் மாரியம்மன் ரத ஊர்வலம். அன்று மட்டும் அவர் ராஜா. ஏனென்றால் ரதத்தை இழுப்பது அவருடைய ஜீப்.

இந்த இடத்தில் முன்பு இருந்த எஸ்டேட் தோட்டம் வீடு கட்டுகிறவர்கள் கைக்குப் போனபோது, மேனேஜரின் பழைய ஜீப்பை ஒருவரும் சீண்டவில்லை. இவர் போய் ஆசையாக வாங்கிக்கொண்டு வந்தார். பெட்ரோலில் ஓடும் வண்டி. கிளப்பினால் நாய்கள் எழுந்து வேறு சந்துக்குப் போய்விடும். அதன் பெட்ரோல் டேங்க் ஓட்டுகிறவர் இருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. அதாவது, பதினொரு வருஷமாக என் வீட்டுக்காரர் பெட்ரோல் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அம்மனை இழுத்து வந்திருக்கிறார். ஊர்வலம் முடிந்து கோயில் வாசலுக்குத் திரும்பியதும் முதல் பரிவட்டம் அவருக்குக் கட்டுவார்கள். அந்த ஒரு முழத் துணிக்காக மனுஷன் எதையும் செய்வார். அதைக் கேலி செய்தே என் காலம் போயிற்று. ஆனால் பரிவட்டத்தோடு அவர் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லக்கூடாது.

இந்த வருஷம் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வாசலில் பெட்ரோல் வாடை. டேங்க்கின் அடித் தையல் துருப்பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அந்தச் சேதி எப்படியோ கோயில் கூட்டத்துக்கு எங்களுக்கு முன்னால் போய்விட்டது. கொண்டுபோனது சிவநேசன்தான் என்பது என் சந்தேகம். அவனுக்குக் குலிமில் இரும்புச் சாமான் கடை. புதிதாக ஒரு பிக்கப் எடுத்திருந்தான். இருக்கையில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"அண்ணே, ஜீப்புக்கு வயசாயிருச்சு லா. அதுக்கும் ரெஸ்ட்டு குடுங்க. இந்த வருஷம் ஆத்தாவ நான் இழுக்கறேன்" என்றானாம் கூட்டத்தில்.

தலைவர் லோகேஸ்வரன் பழைய தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதிப் பழகியவர். எதையும் நோட்டில் எழுதாமல் விடமாட்டார். "பெட்ரோலு ஒழுகுதாமே பரஞ்சோதி? வீட்டுக்கு வீடு கற்பூரம் ஏத்துற ஊர்வலம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

இவர் எழுந்து நின்றாராம். "ரதத்தன்னிக்கு ஒரு சொட்டு ஒழுகுனா நான் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன். சிவநேசனே ஓட்டட்டும். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்.

திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு கிடைத்தது. காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனவர் இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். "வெல்டிங் ஆயிருச்சு" என்றார். பட்டறையில் உண்மையில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சீனத்து ஃபோர்மேன் அடியில் படுத்து, திருப்புளியால் டேங்க்கைத் தட்டிப் பார்த்து, மூன்று நாள் ஆகும் என்றிருக்கிறார். டேங்க்கை இறக்கணும், கழுவணும், உள்ளே ஆவி இல்லாமல் காய வைக்கணும், அப்புறம்தான் நெருப்புக் காட்டணும். ஊர்வலமோ ஞாயிற்றுக்கிழமை. "கழட்டாம அப்படியே வெச்சு ஊதிடேன் தவுக்கே" என்று இவர் அவரை முதலாளியாக்கிக் கெஞ்சியிருக்கிறார். ஃபோர்மேன் பட்டறைக் கூரையைக் காட்டி, "பூம்" என்று சொல்லிவிட்டு, தனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதையும் மலாயில் எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை கோயில் வளாகத்தில் சோதனை நடந்தது. லோகேஸ்வரன் ஜீப்புக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அட்டை காய்ந்த அட்டையாகவே இருந்தது. சிவநேசன் மண்டி போட்டு மோந்துகூடப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஆனால் அன்று காலையில் நான் துணி துவைக்கப் போனபோது, கல்மேல் இருந்த பச்சைச் சவர்க்காரக் கட்டி பாதியாகிக் கிடந்தது. எலி கடித்தால் பல் தெரியும். இதில் தெரிந்தது கட்டைவிரல். இவர் நகக்கண்ணைப் பார்த்தேன், பச்சை. எனக்கு எல்லாம் விளங்கிப்போனது. என் அண்ணன் லாரி ஓட்டியவன். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துவிட்டால் நின்றுவிடும், பெட்ரோல் அதைக் கரைக்காது என்று அவன் சொல்லி எனக்குத் தெரியும்.

நியாயமாகப் பார்த்தால் அப்போதே அவரை உட்கார வைத்துக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. சிவநேசனின் மனைவி போன வாரம் பசாரில் என்னைப் பார்த்து, "அக்கா, இந்த வருஷமாச்சும் அண்ணன் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று பல்லைக் காட்டியிருந்தாள். மூன்று மணி நேர ஊர்வலம்தானே, சவர்க்காரம் தாங்கும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் புதுக் கட்டி ஒன்று வாங்கி, சத்தம் போடாமல் கல்மேல் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரதம் கிளம்பியது. உருமி முன்னால், ஜீப் அதற்குப் பின்னால், ரதம் அதற்கும் பின்னால். முதல் இரண்டு வீட்டிலும் ஒரு குறையும் இல்லை. செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து ரோட்டில் தெளித்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள். இவர் வெள்ளை வேட்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். சிவநேசன் நல்ல பிள்ளையாகக் கூட்டத்தோடு நடந்து வந்தான். எனக்கு ஒரே குஷி.

மூன்றாவது செல்லாயி அக்கா வீடு.

அக்காவுக்கு எதையும் அளவோடு செய்ய வராது. மகளுக்குப் பினாங்கில் வேலை கிடைத்ததற்கு நூற்றெட்டுக் கற்பூரம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். வாசலுக்கு முன்னால், ரோட்டு ஓரத்திலேயே வாழையிலை விரித்து, கற்பூரத்தைக் கோலம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் மூன்று பெரிய வாளி நிறைய மஞ்சள் தண்ணீர். செம்பெல்லாம் அக்காவுக்குப் பத்தாது. வாளியையே தூக்கினார்.

"ஆத்தா வர்ற காடி! சக்கரமும் குளுந்து போவட்டும்!"

முதல் வாளி முன்சக்கரத்துக்கு. இரண்டாவது வாளியைப் பின்னால் வாங்கி, வீசி, ஓட்டுநர் கதவுக்கு அடியில் ஒரே அடி. டேங்க்கின் வயிற்றில் தண்ணீர் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

பெட்ரோலுக்கு அசையாத சவர்க்காரம் தண்ணீருக்கு என்ன செய்யும்? நுரைத்தது. ஜீப்புக்கு அடியிலிருந்து மஞ்சளாக நுரை கிளம்பி ரோட்டுக்கு வந்தது. பிள்ளைகள் ஓடி வந்து குமிழிகளைக் குத்தினார்கள். "ஆத்தா மகிமைய பாத்தியா, பொங்கி வர்றா" என்று யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். இருபத்தெட்டு வருஷமாக எங்கள் வீட்டுத் துணியெல்லாம் துவைத்தவள் நான். சவர்க்காரம் தண்ணீரில் கரையும் என்பது எனக்குத் தோன்றவில்லையே! என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நுரைக்குப் பின்னாலேயே வாடை வந்தது. இவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குதித்தார். புது வேட்டியென்றும் பார்க்காமல் ஜீப்புக்கு அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது வலது தோள்பட்டை சட்டையோடு நனைந்திருந்தது, தண்ணீரால் அல்ல. முகம் வெளிறிப்போயிருந்தது. எங்கள் ரோடு அந்த இடத்தில் லேசான சரிவு. மஞ்சள் தண்ணீரின் மேல் பெட்ரோல் பளபளவென்று மிதந்துகொண்டு நேராக அக்காவின் வாழையிலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உருமிச் சத்தத்திலும் சாம்பிராணிப் புகையிலும் வேறு யாரும் கவனிக்கவில்லை. அக்கா இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

'டேங்க் ஒழுகுது' என்ற இரண்டே வார்த்தை போதும். சொல்லுவார் என்று பார்த்தேன். வாயைத் திறந்தார். லோகேஸ்வரனைப் பார்த்தார். சிவநேசனைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, நாக்கைத் துருத்தி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினார்.

"டேய்ய்ய்ய்! எவடா எனக்கு நெருப்பு காட்டறவ!"

கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. "சாமி வந்துருச்சு!" என்று கூட்டம் அலறியது. உருமிக்காரர்கள் விட்டார்களா, இன்னும் வேகமாக அடித்தார்கள். இவர் வேறு வழியில்லாமல் அந்தத் தாளத்துக்கு ஆடினார். கல்யாண வீட்டில்கூட ஆடாத மனுஷன்.

லோகேஸ்வரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். "ஆத்தா, என்ன கொற வெச்சோம்?"

"கற்பூரம் வேணாம்டா! ஒரு பொட்டு நெருப்பு ஆகாது எனக்கு! எல்லாத்தையும் அள்ளுங்கடா!"

கூட்டம் பயந்து ஒரு அடி பின்னால் போனது. செல்லாயி அக்கா மட்டும் நகரவில்லை. தீப்பெட்டி கையிலேயே இருந்தது.

"அதெப்படி ஆத்தா? நூத்தெட்டு ஏத்தறேன்னு உன்கிட்டதான வேண்டிக்கிட்டேன். பூ போட்டு கேட்டப்ப செவப்புதான விழுந்துச்சு? இப்ப வேணாம்னா என் வேண்டுதல் என்னாவறது?"

"வேணாம்டி!"

"சரி, அம்பத்தி நாலு?"

"ஒண்ணும் வேணாம்டி!"

"பதினொண்ணாச்சும் ஏத்திக்கறேன் ஆத்தா. வீட்டுக்கு வந்தவளுக்கு ஒண்ணுமே காட்டாம எப்படி அனுப்பறது?"

பசாரில் மீன் வாங்குகிற மாதிரி அக்கா அம்மனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பெட்ரோல் வாழையிலையின் நுனியைத் தொட இன்னும் இரண்டு முழம்தான் இருந்தது. அக்கா பதினொன்று என்று தானாகவே முடிவு செய்துகொண்டு குச்சியை எடுத்துக் கிழிக்கப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். காரணம் தெரியாமல் அக்கா நிறுத்தமாட்டார். எனக்கு அது தெரியும்.

நான் ஓடிப்போய் இவர் காலடியில் மண்டி போட்டேன். "ஏன் வேணாங்குற ஆத்தா? காரணத்த சொல்லு. சொன்னாத்தான் சனங்க கேக்கும்."

ஆத்தா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அது ஆத்தா பார்வை இல்லை. வேண்டாம் தேவகி, விட்டுவிடு என்று கெஞ்சுகிற பார்வை. சொன்னால் வண்டி போகும், வாக்குப் போகும், சிவநேசன் முன்னால் மானமும் போகும். இருந்தாலும் விடவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

"சொல்லு ஆத்தா!"

இவர் அக்காவின் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஒழுகுதுடி! இந்தக் காடி ஒழுகுது! வெல்டிங் பண்ணலடா, பொய் சொல்லிட்டான் இந்தப் பரஞ்சோதி! சவுக்காரத்த தேச்சு ஊர ஏமாத்திட்டான்! பெட்ரோலு ரோட்டுல ஓடுதுடா, கீழ பாருங்கடா! ஒரு குச்சி கிழிச்சா அம்புட்டு பேரும் சாம்பலுடா!"

உருமி நின்றது. எல்லாரும் கீழே பார்த்தார்கள். செல்லாயி அக்கா தீப்பெட்டியை அப்படியே மூன்றாவது வாளிக்குள் போட்டுவிட்டார். நாலு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்குப் பின்னால் ஒரு பொம்பளை, "சவுக்காரம் வரைக்கும் புட்டுப் புட்டு வெக்கிறா பாரு! அவளுக்குத் தெரியாதது உண்டா?" என்று சொல்லி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினேன். அதை ஆத்தா பார்த்துவிட்டாள். நேராக என் பக்கம் விரலை நீட்டினாள்.

"இவ என்ன யோக்கியமா? இவளுக்கும் தெரியும்டா! தேஞ்ச சவுக்காரத்த பாத்தா! பாத்துட்டு, புதுசு வாங்கி வெச்சுட்டு, வாய மூடிக்கிட்டு இருந்தா!"

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. முகம் தீயாக எரிந்தது. அவருக்குத் தெரியாது என்று நான் கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டிருக்க, எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது! இரண்டு நாளாக ஒரே மேசையில் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்து இரண்டு பேரும் தோசை தின்றிருக்கிறோம். கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்த இரும்ப தள்ளிக்கிட்டுப் போய் மைதானத்துல விடுங்கடா" என்றார் ஆத்தா குரலில். "சிவநேசன்... சிவநேசன் காடியக் கட்டுங்கடா. நான் அதுலதான் வருவேன்."

இரண்டாவது தடவை அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மற்றவர்கள் அதை அருள் என்று நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. இந்த மனுஷனை இத்தனை வருஷம் கேலி செய்தது போதும் என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது.

ஆம்பளைகள் பத்துப் பேர் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழாயைத் திறந்து ரோட்டைக் கழுவினார்கள். சிவநேசன் பிக்கப்பைக் கொண்டுவர ஓடினான். இவர்தான் பாவம், ஆட்டத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நடு ரோட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். அப்போது முனியாண்டி பூசாரி தன் தட்டில் இருந்த கற்பூரத்தையும் ஒரு தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு இவரை நோக்கி வந்தார். சாமியை மலையேற்ற வேண்டுமென்றால் எரிகிற கற்பூரத்தை நாக்கில் வைப்பது எங்கள் கோயில் வழக்கம்.

இவர் தோளெல்லாம் பெட்ரோல். பூசாரியைப் பார்த்ததும் ஆத்தா இரண்டடி பின்னால் தாவினாள்.

"ஆத்தா கற்பூரம் ஆகாதுன்னு சொல்லிட்டால்ல பூசாரி, காதுல விழலியா!" என்று கத்திக்கொண்டே நான் மூன்றாவது வாளியைத் தூக்கினேன். தீப்பெட்டி, மஞ்சள், வேப்பிலை எல்லாவற்றோடும் சேர்த்து அவர் தலையிலிருந்து தோள்வரை ஒரு சொட்டு விடாமல் கவிழ்த்தேன். கொஞ்சம் கோபமும் அதில் இருந்தது. இவர் மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னாச்சு? நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார்.

"மலையேறிட்டா" என்று பூசாரி எல்லாருக்கும் அறிவித்தார்.

லோகேஸ்வரன் நோட்டும் கையுமாக என்னிடம் வந்தார். "ஏம்மா தேவகி, சாமி சொன்னத மினிட்ஸ்ல யாரு சொன்னதா எழுதறது?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பினாரா நம்பவில்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கிராணி வேலை பார்த்தவர் அல்லவா.

பிக்கப் வந்து ரதத்தை மாட்டினார்கள். சிவநேசன் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இவர் முன்னால் வந்து நின்றான். "அண்ணே, ஆத்தா என் காடியத்தான் கேட்டா. யாரு ஓட்டணும்னு சொல்லல. நீங்களே ஓட்டுங்க லா."

இவர் சாவியைப் பார்த்தார். கை பாதி தூரம் வந்தது. வந்த கையால் தலையைத் தடவி, ஒட்டிக்கொண்டிருந்த வேப்பிலையை எடுத்துக் கீழே போட்டார்.

"வேணாம் தம்பி. மெதுவா போ. முக்குல அகலமா திருப்பு."

பிக்கப் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. நானும் அவரும் ரதத்துக்குப் பக்கவாட்டில் நடந்தோம். ஈரச் சட்டை, மஞ்சள் படிந்த வேட்டி, செருப்பில்லாத கால். வழியில் ஒரு கிழவி அவர் காலைத் தொட்டுக் கும்பிட, அவர் பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டார். யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

முக்குத் திரும்பும்போது வெயில் ரதத்துக்குள் விழுந்தது. இவர் நின்றுவிட்டார். அம்மன் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது.

"தேவகி, ஆத்தா இவ்வளவு அழகாவா இருப்பா?" என்றார். "அந்தச் சேல மடிப்பு பாத்தியா, அப்படியே நிக்குது. அந்த எலுமிச்சம்பழ மால, ஒவ்வொரு பழமும் அளவெடுத்த மாதிரி. டவுன்லேர்ந்து ஆளு கூட்டியாந்து கட்டுனாங்களா? எவ்வளவு வேல!"

"நான்தான் கட்டுனேன்" என்றேன். "விடியக்காலையில எந்திரிச்சுப் போயி. வருஷா வருஷம் நான்தான் கட்டறேன்."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி அம்மனைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதே" என்றார்.

"எப்படித் தெரியும்? நீங்கதான் முன்னால பாத்து ஓட்டிக்கிட்டே இருந்தீங்களே."